கோடாலியக்காவின் இரண்டு கிட்டார்கள்

இறைச்சிக் கூடத்தில் அவளுக்குக் கோடாலியக்கா என்று பெயர். மாட்டுத் தொடையை இரண்டே வெட்டில் இடுப்பிலிருந்து பிரித்துவிடுவாள். அதே வேலைக்கு ஆம்பளைகளுக்கு நாலு வெட்டு வேண்டும், நடுவில் ஒரு டீயும் வேண்டும். ஆனால் பெயர் வந்தது அதனால் மட்டுமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எடை போடுகிறவன் ஒருத்தன் போகிற வருகிற போதெல்லாம் அவள் இடுப்பை உரசிக்கொண்டிருந்தான். நாலாவது தடவை அவன் பின்மண்டையைப் பிடித்துத் தராசுத் தட்டில் முகத்தை அழுத்தினாள். முள் பதினெட்டுக் கிலோவில் போய் நின்றதாம். "இவ்வளவு கனமான தலையில ஒண்ணுமே இல்லையேடா" என்று கேட்டாளாம். அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. இன்றைக்கும் கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில்.

தராசுக்காரன் கதைக்குச் சிரிக்கலாம். புருஷன் கதைக்குச் சிரிக்க முடியாது. அவன் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. எதற்குச் சண்டை வந்தது என்று கேட்டால் இன்று அவளுக்கே நினைவில்லை. குக்கர் மூடியை வீசினாள். அது போய் அவன் காறை எலும்பை உடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போனவன்தான், திரும்பவில்லை. பிறகு வழக்கு, விவாகரத்து, பெண் யாருக்கு என்ற இழுபறி. நீதிபதி அந்தப் பதினோரு வயசுப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டார். "அம்மாகூட" என்றாள் குட்டி, ஒரு வினாடிகூட யோசிக்காமல்.

நீதிபதி பெண்ணை அம்மாவிடமே விட்டு, ஒரு வருஷம் கெடு வைத்தார். மாதம் ஒரு முறை ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பாள். பிள்ளை உடம்பில் ஒரு கீறல், ஒரு கன்றிப்போன தழும்பு இருந்தாலும் பிள்ளை அப்பாவிடம் போய்விடும், பேச்சே கிடையாது. "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு வந்தாள் கோடாலியக்கா. ஒன்று சொல்ல வேண்டும். உலகத்தில் யார் யார் மேலோ கைநீட்டியிருக்கிறாள், ஆனால் பெற்ற பெண்மேல் அவள் ஒரு விரல் வைத்ததில்லை. அது சத்தியம்.

கோபத்தை அடக்கச் சொல்லித்தருகிற வகுப்புக்கும் அவளை அனுப்பினார்கள். அங்கே பாடம் எடுத்தவர், கைக்கு வேறு ஏதாவது வேலை கொடுக்கச் சொன்னார்.

"என் கைக்கு வேலை இல்லன்னு யாரு சொன்னா சார்? தினம் நாப்பது மாடு வெட்டறேன்."

"வெட்டற வேலை இல்லம்மா. வேற வேலை."

குட்டிக்கு வெகுநாளாகக் கிட்டார் ஆசை. கிட்டார் கடைக்குப் போனார்கள். சுவரில் வரிசையாகத் தொங்கியதில் இருப்பதிலேயே மலிவானதைக் காட்டச் சொன்னாள். ஒட்டுப்பலகையில் செய்து, மேலே பளபளவென்று சாயம் பூசிய சாமான். வழுவழுப்பான நைலான் நரம்பு. ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கும் இழுபறி வரும் என்று இரண்டாகவே வாங்கினாள். குட்டிக்கு நீலம், தனக்குக் கறுப்பு.

சும்மா சொல்லக் கூடாது, குட்டிக்கு விரல் நன்றாக ஓடியது. போனில் பார்த்துப் பார்த்து ஒரு மாதத்தில் ஒரு பாட்டைத் தட்டுத் தடுமாறி முழுசாக வாசித்தாள். அம்மாவுக்கு வந்தது மூன்றே கார்டுகள், நரம்புகளைச் சேர்த்து அழுத்துகிற மூன்று விரல்பிடிகள். அந்த மூன்றையும் கோழியின் கழுத்தைத் திருகுகிற மாதிரி பிடிப்பாள். வலது கையால் அவள் மீட்டுவது கிடையாது, அறைவதுதான். "அம்மா, அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்று குட்டி சிரிப்பாள். அவளும் சிரிப்பாள். ஆனாலும் பலன் இருந்தது. கூடத்தில் மேற்பார்வையாளன் கத்தும்போது, ஏப்ரனுக்குள் அவள் இடது கை விரல்கள் தாமாக ஒரு கார்டைப் பிடித்துக்கொள்ளும். அவன் கத்தி முடிக்கும்வரை அவள் மனசுக்குள் அதையே அறைந்துகொண்டிருப்பாள். பத்து மாதம் ஒருத்தன் பல்லும் போகவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் அதிசயம், சிலருக்கு ஏமாற்றம்கூட.

அவளுக்கு ஒரே குறை, சத்தம். அவர்கள் இருந்த அறைக்குக் கீழே தகரப் பட்டறை. அந்த டமடமவுக்கு நடுவில் நைலான் நரம்பு ஈ பறக்கிற மாதிரி முணுமுணுத்தது. ஒருநாள் பஸ் நிலையத்தில் ஒருவன் இரும்புக் கம்பி போட்ட கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு தட்டுத் தட்டினால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இதுவல்லவா கிட்டார் என்று நினைத்தாள். நேராகக் கடைக்குப் போய் இரும்புக் கம்பி இரண்டு செட் கேட்டாள்.

"எந்தக் கிட்டாருக்குக்கா?" என்றான் கடைக்காரன்.

"என்னய்யா கேள்வி? கிட்டாருக்குத்தான். கம்பியை வாங்கி வேலியா கட்டப் போறேன்?"

அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். நைலானுக்கென்று செய்த பெட்டியில் இரும்பைக் கட்டக் கூடாது, அது இரண்டு மடங்கு இழுக்கும், பலகை தாங்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவளைக் கண்டு பயப்படுகிறவர்கள் அவளுக்குச் செய்த கெடுதலை ஒரு பட்டியல் போட்டால் அது தனிக் கதையாகும்.

இரண்டு கிட்டாருக்கும் அவளே இரும்புக் கம்பி மாட்டினாள். அறையே அதிர்ந்தது. கீழே பட்டறைக்காரன் சுத்தியலை நிறுத்திவிட்டு மாடியைப் பார்த்தான். இரண்டு வாரம் சந்தோஷமாக ஓடியது. பிறகு கிட்டார்களின் முன்பலகை மெல்ல மெல்ல உப்ப ஆரம்பித்தது.

"அம்மா, இதுக்கு வயிறு வீங்குதும்மா" என்றாள் குட்டி.

"நல்லா சாப்பிடுதுடி. நீயும் அப்படிச் சாப்பிடு."

கம்பிகளையெல்லாம் அடியில் பிடித்து வைத்திருக்கும் மரக்கட்டை பலகையை விட்டு ஒரு பக்கம் எழும்பியது. தாள் நுழைகிற இடைவெளி. அதில் ஒட்டுப்பசையைப் பிழிந்து, மேலே அரிசி மூட்டையை வைத்து ஒருநாள் அழுத்தினாள். அவ்வளவுதான், சரியாகிவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டாள். யாரிடமாவது கேட்போம் என்ற எண்ணமே அவளுக்கு வராது. எலும்பிலும் சதையிலும் எது எங்கே பிரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவள், மரம் எங்கே பிரியும் என்று யோசிக்கவில்லை.

கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. அவள் அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். குட்டி கட்டிலில் உட்கார்ந்து நீலக் கிட்டாரைச் சுதி சேர்த்தாள். மலிவுச் சாமானின் முறுக்காணி நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். ஒரு முறுக்கு, காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்பது, இன்னொரு முறுக்கு. அப்படிக் குனிந்து காதை வைத்திருந்தபோதுதான் படீர் என்றது. கட்டை ஒட்டுப்பலகையையும் கிழித்துக்கொண்டு பிய்ந்து தெறித்தது. கட்டையின் முனை குட்டியின் புருவத்தைப் பிளந்தது. கம்பி ஒன்று கன்னத்தில் கோடு இழுத்தது.

கோடாலியக்கா திரும்பிப் பார்த்தபோது பெண்ணின் பாதி முகம் சிவப்பாக இருந்தது. நாள் முழுக்க ரத்தத்தில் நிற்கிறவள் அவள். அந்த ரத்தத்தைப் பார்த்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கை ஓடியது. எங்கே ஓட வேண்டுமோ அங்கே ஓடவில்லை. துணியைத் தேடவில்லை, தண்ணீரைத் தேடவில்லை. கட்டிலில் கிடந்த நீலக் கிட்டாரைத்தான் தேடிப்போய்க் கழுத்தைப் பிடித்தது.

"என் பிள்ளையவா? சனியனே, என் பிள்ளையவா நீ?"

சுவரில் ஓங்கி அடித்தாள். பெட்டி நொறுங்கியது. தரையில் அடித்தாள். காலால் மிதித்தாள். பலகை, கட்டை, சாயம், பசை எல்லாம் அப்பளமாகிற வரைக்கும் மிதித்தாள். "அம்மா, கண்ணு எரியுதும்மா" என்று குட்டி அழுதாள். அந்தச் சத்தத்தில்தான் எதிர் அறையில் இருந்த தையற்காரி ஓடிவந்து கதவைத் தள்ளினாள்.

தையற்காரி கண்டது இதுதான். ஒரு சின்னப் பெண் முகமெல்லாம் ரத்தமாகக் கட்டிலின் மூலையில் ஒடுங்கியிருக்கிறாள். அவள் அம்மா கையில் முறிந்த கிட்டார்க் கழுத்தோடு மூச்சிரைக்க நிற்கிறாள். யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? அவளும் அதையே நினைத்தாள்.

"அய்யோ பாவி, பிள்ளையப் போய் இப்படியா அடிப்ப!"

"யாருடி அடிச்சது? நான் அடிக்கலை, கிட்டார்..." என்று கையை நீட்டினாள் கோடாலியக்கா. நீட்டிய கையில் அந்தக் கழுத்து இருந்தது. தையற்காரி "கொல்றாளே!" என்று அலறிக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள்.

கிளினிக்கில் புருவத்தில் நாலு தையல். மருந்து வைத்த நர்ஸ் குட்டியிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள், பிறகு வெளியே போய்ப் போன் பேசினாள். கோடாலியக்கா விரல்விட்டு எண்ணினாள். மூன்று வாரம். மூன்றே மூன்று வாரம் பாக்கி.

சாயங்காலம் நாலு மணிக்கு அதிகாரி வந்துவிட்டாள். கண்ணாடி போட்ட, அதட்டத் தெரியாத அம்மாள். தையற்காரி சொல்லித் தகப்பனும் வந்திருந்தான். ஆனால் அந்த மனுஷன் மாடி ஏறவில்லை. பட்டறை வாசலில் நின்று தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தான்.

அதிகாரி குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா ஆச்சு?"

"சுதி சேத்தேன் மேடம். கட்டை பிச்சிக்கிட்டு வந்து அடிச்சிடுச்சு. அம்மா அடிக்கலை."

"அப்ப கிட்டார் ஏன் இப்படித் தூளாக் கெடக்கு?"

"அம்மா கோவத்துல உடைச்சிட்டாங்க. என்னை அடிச்சிடுச்சுன்னு."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சொல்லுகிறபடி நடந்திருந்தாலும் நம்புவது கஷ்டம்தான். "பாருங்கம்மா, ஒரு பொண்ணு என்கிட்ட 'கதவு இடிச்சிடுச்சு'ன்னு மூணு வருஷம் சொல்லிட்டு இருந்தா. நான் உங்களைச் சொல்லலை. ஆனா எனக்கு ஆதாரம் வேணும்."

"ஆதாரமா? கட்டை அந்தக் குப்பையிலதான் இருக்கு மேடம்! பாருங்க!"

"பாக்கறேன். இந்தத் துண்டையெல்லாம் பையில போட்டு எடுத்துட்டுப் போறேன். கிட்டார் ரிப்பேர் பண்றவர் ஒருத்தரை எனக்குத் தெரியும். தானா பிச்சிக்கிட்டதா, அடிச்சு உடைச்சதான்னு அவர் பாத்தாலே சொல்லிடுவார். நாளைக்குக் காலையில சொல்லிடறேன். இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் பாப்பா அவங்க அப்பாகூட இருக்கட்டும்."

நியாயமான பேச்சு. ஒரு ராத்திரிதான். இதற்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கோடாலியக்காவுக்கு 'ஒரு ராத்திரி' என்பது காதில் ஏறவில்லை, 'அப்பாகூட' என்பதுதான் ஏறியது. செய்யாத குற்றத்துக்கு, செய்யவே செய்யாத ஒரே குற்றத்துக்கு, பிள்ளையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது.

"ரிப்பேர்காரன் எதுக்கு? நான் காட்டறேன்" என்றாள்.

ஆணியில் தொங்கிய கறுப்புக் கிட்டாரை எடுத்தாள். அதன் வயிறும் உப்பித்தான் இருந்தது. அதன் கட்டையும் எழும்பித்தான் இருந்தது. அதிகாரிக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கிட்டாரை மடியில் மல்லாக்க வைத்தாள். குனிந்து, கட்டைக்கு நேரே தன் புருவத்தைக் கொண்டுபோய் வைத்தாள். கையை மட்டும் நீட்டி முறுக்காணியைப் பிடித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"நல்லாப் பாத்துக்குங்க மேடம். என் பிள்ளை இப்படித்தான் வச்சிருந்தா."

முறுக்கினாள். கம்பி கீச்சென்று ஏறியது. இன்னும் முறுக்கினாள்.

"அம்மா, வேண்டாம்மா" என்றாள் குட்டி.

அடுத்த முறுக்காணி. பலகை கட்டில்கால் மாதிரி கிறீச்சிட்டது. "நிறுத்துங்கம்மா, நான் நம்பறேன், நிறுத்துங்க" என்று அதிகாரி எழுந்தாள். கிட்டே வரத் துணியவில்லை.

"நம்ப வேண்டாம் மேடம். பாருங்க."

"வேண்டாம்மா! கண்ணு போயிடும்மா! அம்மா, வேண்டாம்!" குட்டி இப்போது கத்தினாள். ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். மாட்டுத் தொடையைத் தூக்குகிற தோள் அது, ஒரு குலுக்கலில் குட்டி கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். மெல்லிய கம்பி ஒன்று அறுந்து அம்மாவின் காதைக் கிழித்தது. அவள் தலையை எடுக்கவில்லை. ரத்தம் கழுத்தில் வழிய அடுத்ததை முறுக்கினாள். அதற்கடுத்ததையும் முறுக்கினாள். பலகையில் ஒரு கீறல் ஓடியது. குட்டி வேண்டாம் வேண்டாம் என்று அலறிக்கொண்டே இருந்தாள். கீழே பட்டறை வாசலில் நின்றவன் அதைக் கேட்டு மேலே ஓடிவந்தான்.

அவன் வாசலை அடைவதற்கும் கட்டை பிய்த்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. இந்தத் தடவை சத்தம் பெரிது. கட்டை அவள் கன்ன எலும்பில் மோதி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி அடித்தது. கண்ணுக்குக் கீழே வாய் பிளந்த மாதிரி ஒரு காயம். அவள் பின்னால் சாய்ந்து, கையை ஊன்றி, நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் சிரித்தாள். நெஞ்சு நிறைந்த சிரிப்பு. வாயோரம் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்? நான் அடிக்கலை! என் பிள்ளைய நான் அடிக்கலை!"

அதிகாரிக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்.

"விபத்துன்னு எழுதிட்டேன். நானே கண்ணால பாத்தேன்னும் எழுதிட்டேன். பாப்பா எங்கயும் போக வேண்டாம். நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கோடாலியக்கா வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். கேட்டியா என்று பார்த்தாள். ஜெயித்துவிட்டாள். இந்தக் கையால் எத்தனையோ சண்டையில் ஜெயித்திருக்கிறாள், இப்படி ஒரு ஜெயம் வந்ததில்லை. பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு கையையும் விரித்துத் திரும்பினாள்.

குட்டி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"மேடம்" என்றாள். "நான் அப்பாகூடப் போறேன்."

"இன்னைக்கு மட்டுமாம்மா?"

குட்டி இல்லை என்று தலையாட்டினாள். கோடாலியக்காவின் கைகள் விரித்தபடியே நின்றன.

"அம்மா என்னை அடிச்சதே இல்ல மேடம். அதை நல்லா எழுதிடுங்க, அம்மாவை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா நான் வேண்டாம் வேண்டாம்னு எவ்வளவு கத்தினேன்? அம்மாவுக்குக் கேக்கவே இல்ல."

கேட்கவில்லை என்று சொன்னால் போதும். சத்தத்தில் கேட்கலைடி கண்ணு, கம்பி போட்ட சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கலை என்று ஒரு பொய் சொன்னால், ஒருவேளை பிள்ளை மனசு இளகியிருக்கும். அந்தப் பொய் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கேட்டுச்சுடி" என்றாள் கோடாலியக்கா. "எல்லாம் கேட்டுச்சு."

குட்டி அழ ஆரம்பித்தாள். தகப்பன் உள்ளே வந்து, முன்னாள் பெண்டாட்டியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பெண்ணின் தோளைத் தொட்டான். கோடாலியக்கா அவர்களைத் தாண்டிக் குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கன்னத்தில் ஒரு துண்டை மடித்து அழுத்திக்கொண்டாள். பிறகு அலமாரியைத் திறந்து, பள்ளிக்கூடச் சீருடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ரத்தம் பட்டுவிடாமல் தள்ளிப் பிடித்தபடி, ஒற்றைக் கையால் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.